மீன் துப்புகிறது, மெலிகிறது, உப்புகிறது: கோளாறு தீவனத்திலா, பிளாஸ்டிக்கிலா?

தொட்டியிலோ சின்னக் குளத்திலோ மீன் வளர்ப்பவர்கள் இப்போதெல்லாம் ஒரு மீன் கொஞ்சம் வாடினாலே "மைக்ரோபிளாஸ்டிக்கா இருக்குமோ" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இதே புகாரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒரு வரிசை பழகிவிட்டது: முதலில் தண்ணீர், அடுத்து தீவனம், அதற்கப்புறம் பிளாஸ்டிக், அதிலும் பிடிபடாவிட்டால் நோய். தண்ணீரைச் சோதிக்காமல் பிளாஸ்டிக்கைத் தேடக் கிளம்பினால் தேடி முடிப்பதற்குள் மீன் போய்விடும்.

தீவனத்தையும் பிளாஸ்டிக்கையும் இரண்டு தனிப் பிரச்சினையாகவும் பார்க்காதீர்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கு எதுவானாலும் அது மைக்ரோபிளாஸ்டிக்தான். மீனின் உடம்புக்குள் அது போவது பெரும்பாலும் வாய் வழியாக, சாப்பாட்டோடு சாப்பாடாக. சரியாகச் சாப்பாடு கிடைக்காமல் தரையைக் கிளறிக்கொண்டே இருக்கும் மீன்தான் கண்டதையும் விழுங்கும்.

கையில் வேண்டியவை: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் பார்க்கும் டெஸ்ட் கிட், வெப்பமானி, கிராம் காட்டும் சின்னத் தராசு, வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி, ஒரு தையல் ஊசி. போதும்.

மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, செவுள் படபடவென்று அடிக்கிறது

இது இருந்தால் மற்ற எதையும் படிக்க வேண்டாம், இதை முதலில் முடியுங்கள். இது மணிக்கணக்கில் உயிர் போகும் விஷயம், இதில் பிளாஸ்டிக் சந்தேகப் பட்டியலின் அடியில்தான் இருக்கிறது.

ஏர் பம்பைப் போடுங்கள், ஏற்கெனவே ஓடினால் காற்று உண்மையிலேயே வருகிறதா, கல் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அம்மோனியாவும் நைட்ரைட்டும். இரண்டும் சுழியம் காட்ட வேண்டும். அம்மோனியா இருக்கிறதென்றால், பிஎச் 8-க்கு மேலேயும் தண்ணீர் சூடாகவும் இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகிவிடும். குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாற்றுங்கள், தீவனத்தை அன்றைக்கு முழுக்க நிறுத்துங்கள்.

நைட்ரைட் ஏறியிருந்தால் செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரியும். நன்னீர் மீனானால் தண்ணீர் மாற்றுவதோடு லிட்டருக்கு 1 கிராம் சாதா உப்பு கரைத்து விட்டால் நைட்ரைட் உடம்புக்குள் புகுவது குறையும்.

இது அடுத்த வாரமே திரும்பி வந்தால் காரணம் அநேகமாக நீங்கள் போடும் தீவனத்தின் அளவு. தின்னாமல் கிடந்து அழுகும் தீவனம் அம்மோனியாவாகத்தான் மாறும். 2, 3 நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் ஒரு வேளைக்கு.

தண்ணீர் சரியாக இருந்தும் ஒரே ஒரு மீன் மட்டும் மூச்சுக்குத் திணறினால் அதன் செவுளைப் பாருங்கள். செவுளில் மெல்லிய நார் சிக்கிக் கொள்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் செவுள் சுரக்கும் வழவழப்பு பெரும்பாலானதை வெளியே தள்ளிவிடும். செவுள் ஒட்டுண்ணிதான் அதைவிட நிறைய பார்க்கிற காரணம். செவுள் வெளுத்தோ, வீங்கியோ, வெண்திட்டோடோ இருந்தால் மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள்.

தீவனத்தை வாயில் எடுத்துத் துப்புகிறது

முதலில் ஒன்று: துப்புவதெல்லாம் கோளாறு இல்லை. தங்கமீனும் கெண்டை இனங்களும் மண்ணோடு இரையை அள்ளி, வாய்க்குள்ளேயே பிரித்து, வேண்டாததைத் துப்புகிற பிறவிகள். பெரிய உருண்டையைத் துப்பி, ஊறவிட்டு மறுபடி எடுப்பதும் சகஜம். எடுத்த தீவனத்தைக் கடைசி வரை விழுங்காமல் விட்டுப் போனால்தான் கவலை.

எல்லா மீனும் துப்பினால் தீவனத்தைப் பாருங்கள். ஒரு மீன் மட்டும் துப்பினால் அந்த மீனைப் பாருங்கள்.

*எல்லாம் துப்பினால்*

உருண்டை வாய்க்குப் பெரிதா? மீனின் வாய் திறக்கும் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் சின்ன ரகம் வாங்குங்கள், அல்லது நசுக்கிப் போடுங்கள். அளவு சரியென்றால் மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் அதிலுள்ள கொழுப்பு கெட்டுவிட்டது, அந்தக் கொழுப்பு வைட்டமின் ஈ-யையும் சேர்த்துத் தீர்த்துவிடும். பூஞ்சை தெரிந்தால் மேலே இருப்பதை மட்டும் தள்ளிவிட்டு அடியில் இருப்பதைப் போடுகிற வேலை வேண்டாம், முழுப் பையும் குப்பைக்கு. பூஞ்சையைத் தட்டினாலும் அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் நஞ்சு அங்கேயேதான் இருக்கும், காய்ச்சினாலும் சுலபத்தில் அழியாது. 1960 வாக்கில் அமெரிக்க டிரவுட் பண்ணைகளில் ஈரல் புற்று கூட்டங்கூட்டமாக வந்ததற்குப் பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குதான் காரணமாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

அடுத்து, பையின் அடியில் மிஞ்சும் தூள். நெய்த பிளாஸ்டிக் சாக்கில் வரும் தீவனமானால் அடித் தூளை ஒரு கைப்பிடி வெள்ளைத் தட்டில் கொட்டிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாக்கைக் கத்தியால் அறுத்த இடத்திலிருந்து உதிர்ந்த வெள்ளை நார்கள், பட்டையான இழைகள் பெரும்பாலும் இதில்தான் கிடக்கும். அந்தத் தூளைக் கடைசியில் அப்படியே தொட்டியில் கவிழ்ப்பவர்கள் நிறையப் பேர். சாக்கை வாய்த் தையலைப் பிரித்துத் திறங்கள், தீவனத்தைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள், தூளை வீசிவிடுங்கள்.

*ஒரு மீன் மட்டும் துப்பினால்*

வாயில் கல்லோ துணுக்கோ மாட்டியிருக்கிறதா? வாய் மூட முடியாமல் பிளந்தே இருந்தால் மாட்டியிருக்கிறது என்று பொருள். மீனை ஈரக் கையால் பிடித்து, வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தொண்டைக்குக் கீழே மிக லேசாக அழுத்திப் பார்க்கலாம், சில சமயம் கல் தானாக விழும். இடுக்கி போட்டுக் கிண்டாதீர்கள். ஒரு முறை முயன்று வரவில்லையென்றால் மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து எடுக்கட்டும்.

மாட்டவில்லை, ஆனால் உதட்டு ஓரம் உரிந்திருக்கிறது என்றால் அலங்காரப் பொருட்களைத் தடவிப் பாருங்கள். தங்கமீன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் அவை பிளாஸ்டிக் துணுக்குகளைப் பெரும்பாலும் மென்று துப்பின, நார்களை விழுங்கின. துணுக்குகளை மென்றவற்றின் தாடைகளில் உரிசலும் வெட்டும் தெரிந்தன. ஆக, துப்பிவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. விளிம்பு கூரான, பொடிந்து உதிரும் பிளாஸ்டிக் செடி, சாயம் உரியும் கல் எல்லாம் வெளியே.

சாப்பிட வருவதே இல்லை

வெப்பநிலை பாருங்கள். கெண்டை வகைகளுக்குத் தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் பசியே இருக்காது, அப்போது போடுவது அழுகத்தான் போடுவது. புதிதாக வந்த மீன் சில நாள் சாப்பிடாமல் ஒதுங்கி நிற்பது சாதாரணம். புதுத் தீவனம் மாற்றியிருந்தால் பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், குஞ்சு தாங்காது. குஞ்சுகள் சாப்பிடவில்லையென்றால் அன்றைக்கே காரணம் தேட வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் வளர்ந்த மீன் வரவில்லை, அதோடு துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது என்றால் மருத்துவர்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் வளரவில்லை அல்லது மெலிகிறது

பிளாஸ்டிக் சந்தேகம் அதிகம் வருவது இங்கேதான், அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் இங்கேதான். கண்ணால் பார்த்து "மெலிந்தது" என்று சொல்லாதீர்கள், எடை போடுங்கள். தண்ணீர் உள்ள கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, மீனை வலையில் வடித்து அதில் விடுங்கள், வருவது மீனின் எடை. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் போதும், தினமும் பிடித்தால் அதுவே மீனுக்குத் தொல்லை.

*அளவு.* வளர்ந்த மீனுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 1 முதல் 3 சதவீதம், குஞ்சுக்கு 10 சதவீதமும் அதற்கு மேலும். 15 கிராம் மீன் பத்து இருந்தால் மொத்தம் 150 கிராம், 2 சதவீதம் என்றால் 3 கிராம். கைவிரலால் கிள்ளிப் போடுபவர்கள் ஒரு தடவை அந்தக் கிள்ளலைத் தராசில் போட்டுப் பாருங்கள். தங்கமீனுக்கும் கெண்டைக்கும் இரைப்பையே கிடையாது, ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டினால் பாதி செரிக்காமல் வெளியேறும். இரண்டு மூன்றாகப் பிரியுங்கள்.

*யார் தின்கிறார்கள்.* மெலியும் மீன் உண்மையில் தின்கிறதா, இல்லை பெரியது துரத்த இது சும்மா வந்து போகிறதா? தீவனத்தை இரண்டு மூலையில் ஒரே நேரத்தில் போட்டால் இது தெரிந்துவிடும்.

*ரகம்.* இரைபிடித்து உண்ணும் மீனுக்கு 40 முதல் 50 சதவீதப் புரதம் வேண்டும், எல்லாம் தின்னும் மீனுக்கு 25 முதல் 35 போதும். முன்னதற்குப் பின்னதன் தீவனத்தைப் போட்டால் தின்றுகொண்டே மெலியும். இன்னொரு பக்கம், மாவுச்சத்து மிகுந்த தீவனத்தில் வளர்ந்த மீன் வெளியே கொழுகொழுவென்று தெரிந்தாலும் உள்ளே ஈரலில் கொழுப்பு கட்டியிருக்கும்.

*பழசு.* திறந்து 3 மாதம் தாண்டிய பையை மாற்றுங்கள். வைட்டமின் சி தான் முதலில் போகும். லேபிளில் அஸ்கார்பைல் பாஸ்பேட் என்று இருந்தால் அது சீக்கிரம் சிதையாத வடிவம், அதைத் தேடி வாங்குங்கள்.

மேலே சொன்னதில் எது தப்பாகத் தெரிகிறதோ அதில் ஒன்றை மட்டும் மாற்றி 3, 4 வாரம் பொறுங்கள். தீவனம், பில்டர், அலங்காரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது.

*பிளாஸ்டிக்.* இவ்வளவும் சரியாக இருந்தும் எடை ஏறவில்லையென்றால் இப்போது வாருங்கள். விழுங்கிய துணுக்கில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும், நார்கள் மட்டும் குடலில் கூடுதல் நேரம் தங்கும். குடலின் உள்சுவர் அழற்சி, குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவது, தின்பது குறைவது எல்லாம் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அவற்றில் பலவற்றில் கொடுத்த அளவு சாதாரணத் தண்ணீரில் இருப்பதைவிட மிக அதிகம். ஆகவே குழாய்த் தண்ணீரில் இருக்கும் இத்துனூண்டு துகளால்தான் என் மீன் மெலிந்தது என்று நான் நம்பமாட்டேன். தொட்டிக்குள்ளேயே ஏதோ ஒன்று நார்நாராக உதிர்ந்து கொட்டுகிறதென்றால் நம்புவேன், கீழே சொல்லும் தேடலைச் செய்யுங்கள்.

*நோய்.* அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை, மெலிவு தொடர்கிறது, வயிறு ஒட்டிப்போகிறது என்றால் குடல் புழுவோ மீன் காசநோயோ இருக்கலாம். மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கையில் சிராய்ப்பு இருந்தால் கையுறை இல்லாமல் அந்தத் தொட்டியில் கை விடாதீர்கள், மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி மனிதர் தோலிலும் புண்ணாக்கும்.

வயிறு உப்பியிருக்கிறது

மேலிருந்து பாருங்கள். செதில்கள் விரிந்து சிலிர்த்து நிற்கின்றனவா?

ஆம் என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். உள்ளுறுப்பு செயலிழந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது, தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இல்லை, ஆனால் மீன் பக்கவாட்டில் மிதக்கிறது என்றால், தங்கமீனில் இது சாதாரணமாகப் பார்ப்பது. 2 நாள் தீவனத்தை நிறுத்துங்கள், மூன்றாம் நாள் தோல் உரித்து வேகவைத்த பட்டாணியை நசுக்கிக் கொடுங்கள், டாப்னியா என்ற நீர்ப்பூச்சி இரை கிடைத்தால் அதுவும் நல்லது. மிதக்கும் தீவனத்தை மூழ்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், மேலே வந்து கொறிக்கும்போது காற்றையும் விழுங்கியிருக்கலாம்.

வயிற்றில் முட்டை நிறைந்து உப்பிய பெண் மீனை நோயாளியாக்கி மருந்து ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகத் துருத்தினால் கட்டியாகவோ, விழுங்கிய கல்லாகவோ, பிளாஸ்டிக் மணியாகவோ இருக்கலாம். எக்ஸ்ரேயில் கல் பளிச்சென்று தெரியும், பிளாஸ்டிக் பல சமயம் தெரியாது; ஸ்கேனும் சேர்த்துக் கேளுங்கள். செலவு கூடுகிற இடம் இது, மீனின் அளவையும் வயதையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலம் நூல் போல நீளமாகத் தொங்குகிறது

வெள்ளையாக, கண்ணாடி போல இருந்தால் குடல் காலி, வெறும் சளி. சாப்பிடாத மீனில் இது இயல்பு. சாப்பிடும் மீனில் ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே வந்தால் குடல் ஒட்டுண்ணி, பரிசோதனைக்குக் கொடுங்கள். மருந்தைக் குத்துமதிப்பாகக் கொட்ட வேண்டாம், புழுவுக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிக்கும் மருந்து வேறு வேறு.

மலத்துக்குள் நீலம், சிவப்பு, கறுப்பு என்று சாய நிற இழை தெரிந்தால் அதை எடுத்து வையுங்கள், கீழே சொல்லும் சூடான ஊசிச் சோதனைக்கு.

நிறம் வெளுக்கிறது

சிவப்பும் மஞ்சளும் தரும் கரோட்டினாய்டுகளை மீன் தானாகத் தயாரிக்காது, தின்றுதான் ஆக வேண்டும். அஸ்டாசாந்தின் அல்லது ஸ்பைருலினா உள்ள தீவனத்துக்கு மாறி ஒன்றிரண்டு மாதம் பாருங்கள். ஓரிரு நாளில் திடீரென்று வெளுத்தால் அது தீவனக் குறையில்லை, தண்ணீரைச் சோதியுங்கள்.

முதுகு வளைகிறது, கண் வெண்மை படர்கிறது

பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்க முடியாது. குஞ்சுப் பருவத்தில் அது இல்லாமல் போனால் முதுகெலும்பு கோணிவிடும், கோணியது நிமிராது. தீவனத்தை மாற்றினால் அடுத்து வரும் குஞ்சுகள் தப்பும், அவ்வளவுதான். ஒரே ஈற்றில் பல குஞ்சுகள் வளைந்திருந்தால் தீவனமோ பரம்பரையோ. வயதான மீன் மெலிந்துகொண்டே வளைந்தால் மேலே சொன்ன காசநோயைச் சந்தேகியுங்கள்.

இரண்டு கண்ணும் வெண்மையானால் தண்ணீர் அல்லது சத்துக்குறை, ஒரு கண் மட்டும் என்றால் அநேகமாக அடி பட்டிருக்கும்.

உதிரும் பிளாஸ்டிக்கைத் தேடிப் பிடிப்பது

தொட்டி அடியைச் சைபன் போட்டு உறிஞ்சி, கழிவை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். ஒரே தடிமனில், கிளை விடாமல், ஒரே நிறத்தில் நீளும் இழை சந்தேகத்துக்குரியது. அதை உலர்த்தி, சூடாக்கிய ஊசி முனையைப் பக்கத்தில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் சுருண்டு உருகும். பாசியும் பருத்தியும் முடியும் உருகாது, கருகும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

மணலைச் சோதிக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 350 கிராம் உப்பு கரைத்து, ஆறவிட்டு, மணலைப் போட்டுக் கலக்கிப் படியவிடுங்கள். பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன், நைலான் எல்லாம் மேலே மிதக்கும். ஆனால் பாலியெஸ்டரும் பிவிசியும் அந்த உப்புத் தண்ணீரிலும் மூழ்கும். பில்டர் பஞ்சு பெரும்பாலும் பாலியெஸ்டர், ஆகவே "ஒன்றும் மிதக்கவில்லை" என்பதால் பஞ்சு நிரபராதி ஆகிவிடாது.

கிடைத்த இழையின் நிறத்தை வைத்துத் திருடனைத் தேடுங்கள். வெள்ளை நார் என்றால் முதலில் பில்டர் பஞ்சு: கையில் இழுத்தால் பிய்ந்து வருகிறதா? மாற்றுங்கள், புதியதைத் தொட்டியில் போடும் முன் நன்றாக அலசுங்கள், பில்டரிலிருந்து தண்ணீர் வெளிவரும் வாயில் ஒரு நுண்வலை கட்டுங்கள். பச்சை என்றால் செயற்கைச் செடி அல்லது வலை. பல நிறத்தில் கலந்து வந்தால் துணி: சலவைத் தண்ணீர் குளத்தில் சேர்கிறதா, தொட்டியைத் துடைக்கும் துணி செயற்கை இழையா?

உறுதி செய்ய ஒரு வழி. மீனைப் பஞ்சும் அலங்காரமும் இல்லாத கண்ணாடித் தொட்டியில் ஏர் பம்ப் மட்டும் வைத்து 3 நாள் விடுங்கள், பில்டர் இல்லாததால் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள், தீவனம் அதே தீவனம். மலத்தில் இழை நின்றுபோனால் குற்றவாளி பழைய தொட்டியில் இருக்கிறது. நிற்கவில்லையென்றால் தீவனத்தில் இருக்கிறது. இது நடக்காத விஷயம் இல்லை: சின்னக் கடல் மீன்களைக் குடலோடு அரைத்துத்தான் மீன் தூள் செய்கிறார்கள், அவற்றின் குடலில் இருந்ததும் கூடவே வருகிறது. வேறு நிறுவனத் தீவனத்தையோ, பூச்சி மாவு அடிப்படையிலான தீவனத்தையோ போட்டு இதே 3 நாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதானால்

வீட்டுத் தொட்டி ஒன்றுக்கு இது தேவைப்படுவது அபூர்வம். பல மீன்கள் தொடர்ந்து செத்தாலோ, விற்பனைக்கு வளர்க்கும் குளமானாலோ செய்யலாம். செத்த மீனை உடனே பனிக்கட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுங்கள், உறைய வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்து நோயைப் பார்க்க முடியாது. தண்ணீர்ச் சோதனை எண்கள், தீவன லேபிள், 50 கிராம் தீவனம், கிடைத்த இழைகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். குடலை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, அகச்சிவப்புக் கருவியில் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்ப்பார்கள்.

இழைகளைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வையுங்கள். அதே மேசையில், அதே நேரம் திறந்து வைத்து மூடிய ஒரு காலிக் குப்பியையும் கூட அனுப்புங்கள். உங்கள் சட்டையிலிருந்து காற்றில் பறந்து விழும் நார் எவ்வளவு என்று அதில் தெரியும், அந்த எண்ணிக்கையைக் கழித்துத் தரச் சொல்லுங்கள்.